ஹே ஜியான்குய்க்குச் சிலை வைக்க வேண்டுமாம்!

கரிசல்குயில்:
நேற்று தடுப்பூசி இழையில் தராசு என்கிறவர் போகிற போக்கில் ஒரு வரியை வீசிவிட்டுப் போனார். "பயன்பாட்டுவாதப்படி கணக்குப் போட்டால் ஹே ஜியான்குய் செய்தது சரிதான், இன்னும் ஐம்பது வருஷத்தில் அவருக்குச் சிலை வைப்பார்கள்." அதற்குப் பதினாலு பேர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது, அதனால் தனி இழை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மொத்தத்தில் அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி என்பது பயன்பாட்டுவாதம். 2018 நவம்பர் கடைசியில், சீனாவின் ஷென்சென் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக யூடியூபில் அறிவித்தார். லுலு, நானா என்பது அந்தக் குழந்தைகளுக்கு வைத்த மாற்றுப் பெயர். அப்பாவுக்கு எச்.ஐ.வி. உண்டு, அம்மாவுக்கு இல்லை. எச்.ஐ.வி. நம் செல்லுக்குள் நுழைகிற வாசல்களில் ஒன்று சி.சி.ஆர்.5 என்ற புரதம். அதைக் கட்டுகிற மரபணுவைக் கிரிஸ்பர் என்கிற மரபணு வெட்டும் கருவியால் வெட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. வராது என்பது அவர் கணக்கு.

சிலை வைக்கிறவர்கள் பதில் சொல்லட்டும். அப்பாவிடமிருந்து நோய் வராமலிருக்க விந்தணுவைக் கழுவி எடுத்தாலே போதும், 1980களின் கடைசியிலிருந்து இத்தாலியில் செய்துவருகிறார்கள், ஹேயும் இதே பரிசோதனையில் கழுவித்தான் எடுத்தார். அப்புறம் வெட்டு எதற்கு? பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில் 'எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்' என்று போட்டிருந்தது, இதற்குப் பெயர் என்ன? 2019 டிசம்பர் 30 அன்று சீன நீதிமன்றமே 3 வருஷச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் போட்டதே, சும்மாவா? எல்லாவற்றுக்கும் மேலே, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வருகிற சி.சி.ஆர்.5 மரபணுவின் இரண்டு பிரதியும் வேலை செய்யாதவர்கள் சீக்கிரம் சாவது 21 சதவீதம் கூடுதல் என்று 'நேச்சர் மெடிசின்' இதழில் 2019 ஜூனில் வந்தது. நூற்றுக்கு 21 குழந்தைகளைச் சாகக் கொடுத்துவிட்டு என்ன கணக்கு, என்ன பயன்?

தராசு:
என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. ஒரே ஒரு கேள்வி. அந்த 21 சதவீதக் கட்டுரை இப்போது எங்கே இருக்கிறது?

கரிசல்குயில்:
நேச்சர் மெடிசினில்தான். எழுந்து நடந்தா போய்விடும்?

தராசு:
எழுந்து நடந்துதான் போயிற்று. 2019 அக்டோபரில், எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான்கு மாதம்தான் தாங்கியது. பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்துச் செய்த ஆய்வு அது, ஆள் எண்ணிக்கை எல்லாம் பிரமாதம், ஆனால் மரபணுவைப் படித்த சிப் இரண்டு பிரதியும் பழுதான ஆட்களில் ஒரு பகுதியைக் கண்டுபிடிக்காமலே விட்டிருக்கிறது. கணக்கில் ஆள் குறைகிறது, குறைந்தவர்கள் செத்துவிட்டார்கள் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். பிரிஸ்டலில் ஓர் ஆய்வாளர் அதே தரவை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தார், அந்த விடை வரவில்லை. இதெல்லாம் தெரியாமல் "எல்லாவற்றுக்கும் மேலே" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. "நூற்றுக்கு 21 குழந்தைகள்" என்று அந்தக் கட்டுரை உயிரோடு இருந்த காலத்திலேயே சொல்லவில்லை. 76 வயதுக்கு முன்னால் சாகிற வீதம் மற்றவர்களைவிட 21 சதவீதம் அதிகம் என்றது. பத்து ரூபாய் டீ 21 சதவீதம் ஏறினால் 12 ரூபாய் 10 காசு. 31 ரூபாய் ஆகாது. இந்தச் சதவீத அறிவோடு வந்து எனக்குக் கணக்கு சொல்லித் தருகிறார்கள்.

கரிசல்குயில்:
டீக்கடைப் பேராசிரியருக்கு வணக்கம். அவசரத்தில் எழுதும்போது ஒரு வார்த்தை முன்னே பின்னே வந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். விந்தணு கழுவுவது பற்றிப் பேச்சே இல்லை. ஒப்புதல் படிவம் பற்றிப் பேச்சே இல்லை. சிறைத்தண்டனை பற்றிப் பேச்சே இல்லை. 21 மட்டும் கண்ணில் படுகிறது.

அதுவும் எப்படி? திரும்பப் பெற்றால் பொய் என்று ஆகிவிடுமா? நிரூபிக்கவில்லை என்றுதான் அர்த்தம். 21 இல்லையென்றால் 15 இருக்கலாம். 30 கூட இருக்கலாம். உங்களுக்குத் தெரியுமா?

சும்மா_வேடிக்கை:
21, 15, 30... ஏலம் விடுகிறீர்களா? நான் 18 கேட்கிறேன். ஒருதரம்.

தராசு:
அதாவது, ஒரு எண்ணைச் சொன்னீர்கள், அது இல்லை என்று ஆனது, உடனே "வேறு எண்ணாக இருக்கலாம்" என்கிறீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் திருடன் என்று சொல்லிவிட்டு, இல்லை என்று தெரிந்தபின் "கொலைகாரனாக இருக்கலாமே" என்பது போல. ஆதாரம் வைத்தவர் நீங்கள். ஆதாரம் போய்விட்டது. ஒத்துக்கொள்ளுங்கள், மேலே பேசலாம்.

பழைய_மாணவி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் தத்துவம் படித்தவள். இருவரும் 'பயன்பாட்டுவாதப்படி' என்கிறீர்கள், எந்தப் பயன்பாட்டுவாதம்? ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாக இன்ப துன்பக் கூட்டல் கழித்தல் போடுகிற, ஆங்கிலத் தத்துவவாதி பெந்தாம் சொன்ன வகையா, இல்லை எந்த விதியை எல்லோரும் கடைப்பிடித்தால் நல்லது என்று பார்க்கிற வகையா? முதல் வகையில் ஹேயை ஒருவேளை காப்பாற்றலாம். இரண்டாவது வகையில் "அனுமதி இல்லாமல், ரகசியமாக, படிவத்தில் வேறு பெயர் போட்டு யார் வேண்டுமானாலும் கருவை வெட்டலாம்" என்ற விதி உலகத்துக்கு நல்லதா என்று கேட்க வேண்டியிருக்கும். அப்புறம் 'பயன்' என்பது இன்பமா, ஆயுளா, விருப்பம் நிறைவேறுவதா? இதைத் தீர்மானிக்காமல் 21ஐ எங்கே கொண்டுபோய்க் கூட்டுவீர்கள்?

ஒற்றெழுத்து:
அம்மா சரியாகக் கேட்டார், ஆனால் சொல்லே தப்பு. 'பயன்பாடு' என்றால் உபயோகம். மிக்சியின் பயன்பாடு, செல்பேசியின் பயன்பாடு. 'பயன்பாட்டுவாதம்' என்றால் மிக்சி கையேடு மாதிரி இருக்கிறது. 'பயன்முதல்வாதம்' என்று எழுதுங்கள். பயனை முதலாகக் கொண்ட வாதம். பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தராசு:
பத்து வருஷமாக யாரும் கேட்கவில்லை என்றால் குறை யாரிடம் என்று யோசியுங்கள் ஐயா. பழைய_மாணவி, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கரிசல்குயில் 21க்குப் பதில் சொல்லட்டும்.

ஆய்வக_எலி:
தினமும் கிரிஸ்பரோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 21 சரியா தப்பா என்று இரண்டு பேரும் முட்டிக்கொள்வது வீண், ஏனென்றால் அது அந்தக் குழந்தைகளைப் பற்றியதே இல்லை. அந்த ஆய்வு 'டெல்டா 32' என்ற இயற்கையான மாற்றத்தைப் பற்றியது. அந்த மரபணுவில் 32 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருக்கும். வட ஐரோப்பியர்களிடம் பரவலாக உண்டு, சீனர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. ஹே அதையே நகலெடுத்தார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எடுக்கவில்லை. நானாவுக்கு ஒரு பிரதியில் ஓர் எழுத்து கூடியிருக்கிறது, இன்னொன்றில் நான்கு எழுத்து குறைந்திருக்கிறது. லுலுவுக்கு ஒரு பிரதியில் 15 எழுத்து போயிருக்கிறது, மற்றொரு பிரதி தொடப்படவே இல்லை. இந்த மாற்றங்களை யாரும் எந்த மனிதரிடமும் அதற்குமுன் சோதித்ததில்லை. அதோடு, ஒரு பிரதி முழுசாக இருந்தால் வாசலும் இருக்கும், லுலுவுக்கு எச்.ஐ.வி. தாராளமாக வரலாம். சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்று பக்கத்து வாசல் ஒன்றும் இருக்கிறது, சில வகை வைரஸ் அதன் வழியாக நுழையும்.

ஆகவே நன்மை எவ்வளவு என்றும் தெரியாது, தீமை எவ்வளவு என்றும் தெரியாது.

கரிசல்குயில்:
பார்த்தீர்களா! ஆய்வகத்தில் வேலை செய்கிறவரே சொல்லிவிட்டார், யாரும் சோதித்ததில்லை என்று. அப்படியென்றால் 21 சதவீதத்தைவிட மோசமாகவும் இருக்கலாம்.

ஆய்வக_எலி:
நான் அப்படிச் சொல்லவில்லை.

தராசு:
எலியாரும் சொல்லிவிட்டார், 21 இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்று. கரிசல்குயிலின் ஆதாரம் இப்போது இரண்டு முறை செத்துவிட்டது.

ஆய்வக_எலி:
நான் உங்கள் கட்சியும் இல்லை. யாரும் முழுசாகப் படிப்பதில்லை போலிருக்கிறது.

தராசு:
சரி, இப்போது என் வாதத்தை ஒழுங்காக வைக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1978 ஜூலை 25, இங்கிலாந்தில் ஓல்டாம் ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அன்றைக்கும் இதே கூச்சல்தான். கடவுளோடு விளையாடுகிறார்கள், குழந்தை ஊனமாகப் பிறக்கும், மனிதத் தொழிற்சாலை, இன்னும் என்னென்னவோ. அந்த முறையை உருவாக்கிய ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு அரசாங்க நிதி மறுக்கப்பட்டது. 32 வருஷம் கழித்து 2010இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். இன்றைக்கு நம் ஊரில் பஸ் ஸ்டாண்டு சுவர் பூராவும் கருத்தரிப்பு மைய விளம்பரம், உங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேராவது அப்படிப் பிறந்திருப்பார்கள். அன்றைக்கு அந்த ஒரு குழந்தையின் ஆபத்தை மட்டும் எடை போட்டு நிறுத்தியிருந்தால் அதற்குப்பின் பிறந்த லட்சக்கணக்கான பேரின் சந்தோஷம் எந்தத் தட்டில் போயிருக்கும்? பயன்பாட்டுவாதம் கேட்பது இதைத்தான். (ஒற்றெழுத்து, பயன்பாட்டுவாதம் என்றுதான் எழுதுவேன்.) இன்று பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு தட்டு. பரம்பரை நோய் இல்லாமல் இனி பிறக்கப்போகிற கோடிக்கணக்கான பேர் ஒரு தட்டு. ஹே தப்புத் தப்பாகச் செய்தார், அவசரப்பட்டார், நான் இல்லையென்று சொல்லவே இல்லை. ஆனால் முதலில் ஒருவர் கதவை உடைக்காமல் யாரும் உள்ளே போவதில்லை.

உணர்ச்சிவசப்பட்டுக் கத்துகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், அவர்கள் கண்ணுக்கு எதிரில் இருக்கிற குழந்தை தெரியும், இன்னும் பிறக்காதவர்கள் தெரிய மாட்டார்கள். கணக்குப் போடுகிறவனுக்கு இரண்டு பேரும் தெரிந்தாக வேண்டும்.

21க்குப் பதில் இன்னும் வரவில்லை.

கரிசல்குயில்:
எட்வர்ட்ஸ் பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை கொடுத்தார். அவர் செய்யாவிட்டால் லூயிஸ் பிரவுன் இல்லை. ஹே செய்யாவிட்டாலும் லுலுவும் நானாவும் பிறந்திருப்பார்கள், எச்.ஐ.வி. இல்லாமல், வெட்டும் இல்லாமல். கழுவிய விந்தணு, ஆரோக்கியமான கரு, அதை எடுத்து வெட்டினார். கூட்டல் பக்கத்தில் பூஜ்யம் ஐயா! பூஜ்யம்! உங்கள் தராசின் ஒரு தட்டில் ஒன்றுமே இல்லை, மறு தட்டில் இரண்டு பச்சைக் குழந்தைகள். "கோடிக்கணக்கான பேர்" என்பது நீங்கள் கட்டைவிரல் வைத்து அமுக்குகிற எடை. காய்கறிக் கடையில் இப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள்.

சும்மா_வேடிக்கை:
அடடா, இது நல்ல அடி. தராசு அண்ணன் பதில் சொல்லுங்கள்.

தராசு:
பதில் சொல்கிறேன். பூஜ்யமா இல்லையா என்று பேசுவதற்குமுன், 21 தப்பு என்று கரிசல்குயில் ஒரு வரி எழுதட்டும். "நான் சொன்ன 21 சதவீதம் தவறு." நான்கே சொல், ஒரு எண். எழுதிவிட்டால் அடுத்த நிமிஷம் பூஜ்யத்துக்கு வருகிறேன். தவறான எண்ணைத் திருத்தத் தெரியாதவரோடு கணக்குப் பேசி என்ன லாபம்? கத்தரிக்காய் இழையிலும் இதேதான் செய்தார், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கரிசல்குயில்:
கத்தரிக்காயை எதற்கு இழுக்கிறீர்கள்?

தராசு:
நீங்கள் செய்ததற்காகத்தான். மரபணு மாற்றுக் கத்தரிக்காயை 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்ததைப் பற்றிய இழை. "உலகத்தில் எந்த நாடும் அனுமதிக்கவில்லை" என்று எழுதினீர்கள். பங்களாதேஷ் 2013இலேயே அனுமதித்துவிட்டது என்று நான் காட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் உங்கள் பதிவு காணோம்.

கரிசல்குயில்:
அழிக்கவில்லை. திருத்தினேன்.

சும்மா_வேடிக்கை:
மரபணுத் திருத்தமா அண்ணே?

கரிசல்குயில்:
சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். பூச்சிக்கு விஷம் வைத்த காயை மனிதன் தின்னலாமா கூடாதா என்று கேட்டதற்கு அன்றைக்கும் பதில் வரவில்லை. பங்களாதேஷ், பங்களாதேஷ் என்று முப்பது பதிவு போட்டார். ஒரு நாட்டுப் பெயர் தெரிந்துவிட்டால் அறிஞர்!

மட்டுறுத்துநர்:
கத்தரிக்காய்க்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அது பூட்டியும் கிடக்கிறது. காரணம் உங்கள் இருவருக்கும் தெரியும். இங்கே வேண்டாம்.

கூடலூர்_அக்கா:
நான் எழுதுவதே குறைவு, இன்றைக்கு எழுதுகிறேன். நீலகிரியில் செவிலியாக இருக்கிறேன். இங்கே பழங்குடி ஊர்களில் சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் உண்டு. 1952இலேயே இந்த மலையில்தான் முதலில் கண்டுபிடித்து எழுதினார்கள். ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து குட்டி ரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். போன மார்கழியில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்காலில் வலி. அழவில்லை, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வெந்நீர்ப் பையை முழங்காலில் வைப்பதும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பதுமாக விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் பேசுகிற கிரிஸ்பரில் இதற்கு மருந்து வந்துவிட்டது. காஸ்ஜெவி என்று பெயர், 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். கருவையெல்லாம் தொடாமல், நோயாளியின் சொந்த ரத்த மூலச்செல்லை வெளியே எடுத்துத் திருத்தி, கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிட்டுத் திரும்ப ஏற்றுவார்கள். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடிக்கு மேல். ஒரு ஆளுக்கு. எங்கள் பையனுக்குக் கொடுப்பது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, அது இலவசம். ஆனால் அதை வாங்க வருவதற்கு அவன் ஊரிலிருந்து ஜீப் வேண்டும், மழைக்காலத்தில் ஜீப்பும் வராது, மாத்திரை நின்றுபோகும், வலி வரும். உங்கள் தராசில் இதை வைத்துச் சொல்லுங்கள்.

தராசு:
அக்கா, முதல் முறையாக இந்த இழையில் ஒருவர் ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறார். 18 கோடி ரூபாயில் ஒரு ஆள் குணமாவது நல்லதா, அதே பணத்தில் ஜீப்பும் மாத்திரையும் பரிசோதனையும் கொடுத்து ஆயிரக்கணக்கான பேரின் வலியைக் குறைப்பது நல்லதா? இதுதான் சுத்தமான பயன்பாட்டுவாதம். நீங்கள் என் கட்சி.

கூடலூர்_அக்கா:
நான் யார் கட்சியும் இல்லை தம்பி. அந்தப் பையன் அம்மாவிடம் போய் "உன் மகனுக்குப் பதில் ஆயிரம் பேர்" என்று சொல்வீர்களா?

தராசு:
சொல்வது கஷ்டம் என்பதால் கணக்கு மாறாது. ஆனால் பாருங்கள், இதையே கருவில் திருத்தினால் என்ன ஆகும்? 18 கோடியும் வேண்டாம், கீமோவும் வேண்டாம், அந்தப் பிள்ளைக்கும் இல்லை, அவன் பிள்ளைகளுக்கும் இல்லை. ஒரு தலைமுறையில் தீர்ந்தது. ஆகவே ஹே திறந்த கதவு...

ஆய்வக_எலி:
ஒரு தலைமுறையில் தீராது. பெற்றோர் இருவரும் கடத்திகள், அதாவது ஒரு பிரதி மட்டும் பழுதாகி நோய் இல்லாமல் இருப்பவர்கள் என்றால் நான்கில் மூன்று கருவுக்கு நோய் இருக்காது. நோயில்லாத கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தாலே போதும், வெட்டவே வேண்டாம். இதையும் முப்பது வருஷத்துக்கு மேலாகச் செய்கிறார்கள். அப்புறம் பழுதான பிரதி ஒன்று மட்டும் இருப்பவர்களுக்கு மலேரியா அவ்வளவாகத் தீவிரமாவதில்லை, அந்த மரபணு இத்தனை காலம் நின்றதே அதனால்தான். முழுசாகத் துடைத்தால் எதை இழக்கிறோம் என்பதையும் தட்டில் வையுங்கள்.

கூடலூர்_அக்கா:
கடத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு 2047க்குள் சிக்கிள் செல்லை ஒழிப்போம் என்று திட்டம் தொடங்கி, 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கப்போவதாகச் சொன்னது. நல்ல காரியம்தான், நானும் ஊர் ஊராகப் போய் விரல் நுனியில் ரத்தம் எடுத்திருக்கிறேன். முடிவை ஒரு கார்டில் எழுதிக் கொடுப்போம். அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு, பேசி முடித்திருந்த இடத்தில் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு நோயே இல்லை, வெறும் கடத்திதான். மாப்பிள்ளையும் கடத்தியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நான் வீட்டுக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து விளக்கினேன், கேட்கவில்லை. அந்தக் கார்டை நான்தான் எழுதினேன். இதை எத்தனை சதவீதம் என்று போடுவீர்கள்?

பழைய_மாணவி:
இதைத்தான் நான் வேறு மாதிரி கேட்டேன். எதைப் பயன் என்று எண்ணுகிறோம், யார் எண்ணுகிறார்கள். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவில் ஓர் இளம் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பு எழுதியபோதும் சமூகத்தின் நன்மை என்றுதான் எழுதியது. அந்த நாட்டில் 60,000 பேருக்கு மேல் அப்படிச் செய்தார்கள். அதுவும் கணக்குதான்.

தராசு:
அதற்குத்தான் காத்திருந்தேன். மரபணு என்று வாயைத் திறந்தால் ஐந்தாவது நிமிஷத்தில் கட்டாயக் கருத்தடை வந்துவிடும். அது தப்பான கணக்கு. தப்பான கணக்குக்கு மருந்து சரியான கணக்கு, கணக்கையே விடுவது இல்லை. கரண்ட் பில் தப்பாக வந்தால் மீட்டரைச் சரிபார்ப்பீர்களா, இல்லை கரண்டே வேண்டாம் என்பீர்களா?

ஒற்றெழுத்து:
பெந்தாம் பெயர் வந்ததால் ஒன்று. அவர் தன் உடம்பை எரிக்காமல் புதைக்காமல், பார்வைக்கு வைக்கச் சொல்லி உயில் எழுதினார். லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகுத் தலையோடு உட்கார்ந்திருக்கிறார். செத்த பின்னும் உபயோகப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த அர்த்தத்தில் மட்டும் 'பயன்பாட்டுவாதம்' என்பதை ஏற்றுக்கொள்ளலாம். மற்ற இடத்தில் பயன்முதல்வாதம்.

சும்மா_வேடிக்கை:
அப்போ சிலை ரெடி. ஹேயையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம்.

கரிசல்குயில்:
2022இல் ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டார், உட்கார வைக்க ஆள் இருக்கிறது. அக்கா எழுதியதைப் படித்து மனசு கனத்துப்போயிற்று. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். மனிதர்களை எண்ணாக்காதீர்கள்.

தராசு:
சிரிப்புத்தான் வருகிறது. "மனிதர்களை எண்ணாக்காதீர்கள்" என்று சொல்கிறவர்தான் இந்த இழையை 21 என்ற எண்ணோடு ஆரம்பித்தார். எண் உங்கள் பக்கம் இருந்தபோது இனித்தது, திரும்பிக் கடித்தவுடன் எண்ணே பாவம். கடைசியாகக் கேட்கிறேன், 21 தவறு என்று எழுதுவீர்களா மாட்டீர்களா?

கரிசல்குயில்:
விந்தணு கழுவலுக்குப் பதில் சொல்லுங்கள், எழுதுகிறேன்.

தராசு:
21ஐ எழுதுங்கள், சொல்கிறேன்.

கரிசல்குயில்:
நீங்கள் முதலில்.

கூடலூர்_அக்கா:
எனக்கு நைட் டூட்டி. வருகிறேன்.

ஆய்வக_எலி:
இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளின் உடம்பில் எல்லாச் செல்லிலும் ஒரே மாற்றம் இருக்கிறதா என்பதே உறுதியில்லை. கரு இரண்டு, நான்கு என்று பிரிந்த பிறகு வெட்டு விழுந்திருந்தால் ஒரு உடம்புக்குள்ளேயே பல மாதிரிச் செல்கள் இருக்கும். அறிவிப்பு வந்த அதே வாரம் ஹாங்காங்கில் நடந்த மரபணுத் திருத்த மாநாட்டில் ஹே காட்டிய படங்களைப் பார்த்தே அங்கிருந்தவர்கள் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார்கள். எண் போட வேண்டுமென்றால் முதலில்...

தராசு:
எலியார், கட்டுரை எழுதாதீர்கள், 21 சரியா தப்பா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஆய்வக_எலி:
ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் எதற்கு ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்?

தராசு:
ஏழு வருஷம் படித்தும் ஒரு வார்த்தை வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

கரிசல்குயில்:
இந்த மாதிரி ஆளோடு பேசுவதில் அர்த்தமில்லை. இழையிலிருந்து விலகுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஒற்றெழுத்து:
போவதற்குமுன் தலைப்பு. 'ஜியான்குய்க்குச் சிலை' என்று ஒற்று சரியாகப் போட்டிருக்கிறீர்கள், பாராட்டுகள். உள்ளே 'பயன்பாட்டுவாதம்' மட்டும் மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும்.

கரிசல்குயில்:
ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். திரும்பப் பெற்ற கட்டுரையில் கூட "ஆபத்தே இல்லை" என்று யாரும் எழுதவில்லை. 2006இலேயே, சி.சி.ஆர்.5 வேலை செய்யாதவர்களுக்கு வெஸ்ட் நைல் காய்ச்சல் கடுமையாக வருகிறது என்று ஓர் ஆய்வு வந்தது, அதை யாரும் திரும்பப் பெறவில்லை. அதனால் 21 என்பது என் வாதத்தின் ஆணிவேர் இல்லை. ஆனால் தப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

தராசு:
விலகிப் பதினோரு நிமிஷம் ஆகிறது, திரும்பி வந்துவிட்டார். நாளைக்கு வேலை முடிந்து வந்து வெஸ்ட் நைலுக்குத் தனியாக எழுதுகிறேன், விந்தணுவுக்கும் எழுதுகிறேன், பழைய_மாணவிக்கும் பாக்கி இருக்கிறது. அதற்குள் கரிசல்குயில் அந்தக் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து மேலே என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வரட்டும். 21.

கரிசல்குயில்:
திறந்து பார்த்தேன். பணம் கட்டச் சொல்கிறது.